வியாழக்கிழமை ஆட்டம் நடந்தாக வேண்டும்

கார்வில் ஊர்ப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடும் மைதானத்தில் வெர்ன் டெட்மர் இருபத்தாறு கோடைகளாக அம்பயர். இத்தனை காலத்தில் அவர் ஒரு பிள்ளையைக்கூட ஆட்டத்திலிருந்து வெளியேற்றியதில்லை. அப்பாக்களை வெளியேற்றியிருக்கிறார். இரண்டு மாமாக்களை வெளியேற்றியிருக்கிறார். ஒருமுறை பாதிரியாரையே காரில் போய் உட்காரச் சொன்னார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்கப் பொறுமையைப் பற்றித்தான் என்று நோரீன் வந்து சொன்னாள். நோரீன் அவர் மனைவி. மைதானத்துக் கம்பிவேலியை ஒட்டிய தின்பண்டக் கொட்டகை அவள் பொறுப்பு.

மற்ற நேரங்களில் வெர்ன் ஹார்டுவேர் கடைக்காரர். கடை அவருடையது அல்ல. பத்தொன்பது வயதில் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றவர், ஐம்பத்தெட்டிலும் அங்கேயேதான் நிற்கிறார். ஒழுகும் குழாயைத் தூக்கிக்கொண்டு புதுசு கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு வாஷரைக் கொடுத்து அனுப்பிவிடுவார். "நீ இப்படியே ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிட்டிருந்தா நான் வித்த மாதிரிதான்" என்று முதலாளி முனகுவார். ஆனால் வெர்ன் லீவு போட்ட நாளில் கடைக்குள் வந்தவர்கள் பாதிப் பேர் "அவர் நாளைக்கு வருவாரா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதனால் முதலாளி முனகலோடு நிறுத்திக்கொள்வார்.

அம்பயர் ஆனது தற்செயல். கோடு போடும் சுண்ணாம்பு மூட்டையை மைதானத்தில் இறக்கிவைக்கப் போனார். வழக்கமான அம்பயர் சிறுநீரகக் கல் வலியில் சுருண்டு கிடந்தார். யாரோ நீலச் சட்டையைக் கழற்றி வெர்ன் கையில் கொடுத்தார்கள். இரண்டு அளவு பெரிய சட்டை. அடுத்த வாரத்துக்குள் நோரீன் அதைப் பிடித்துத் தைத்துவிட்டாள். தைத்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியவில்லை. சம்பளம் ஆட்டத்துக்கு ஒரு ஹாட் டாக், ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு.

பிள்ளைகளை வெளியேற்றாமல் இருக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. மட்டையையோ ஹெல்மெட்டையோ கோபத்தில் எறிகிறவர் வெளியே என்பது விதி. அந்தக் 'கோபத்தில்' என்ற ஒரு சொல்லில் வெர்ன் குடியிருந்தார். ஏதாவது பறந்து விழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கூட்டத்துக்குத் தன் அகன்ற முதுகைக் காட்டி, மட்டைக்காரர் நிற்குமிடத்து வெள்ளைத் தட்டைச் சின்னப் பிரஷ்ஷால் துடைப்பார். துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"கை நழுவிடுச்சா?"

"ஆமா, மிஸ்டர் டெட்மர்."

"வேர்வை."

"ஆமா, வேர்வை."

"பேன்ட்ல துடைச்சுக்கோ."

அவ்வளவுதான். அவர் துடைத்து முடிப்பதற்குள் பிள்ளையின் காது சிவப்பு இறங்கியிருக்கும். ஆட்டம் பார்க்கப் பெஞ்சுகளில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். "ஏய் வெர்ன், உன் பசங்க கைக்கு வெண்ணெய் தடவித்தான் உள்ள விடுறியா?" என்று தீயணைப்பு நிலையத்து ஹென்றி ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் சிரிப்பார்கள்.

அந்த வசந்தத்தில் லீக் செயலாளர் பிளைலர் விதிகளைப் புதிதாக அச்சடித்தார். பக்கத்து ஊரில் பறந்துவந்த மட்டை ஒரு தாயின் கணுக்காலைப் பெயர்த்துவிட்டதாம். இனி எச்சரிக்கை கிடையாது. எறிந்தால் வெளியே. அதோடு தன் அணி அடுத்து ஆடும் ஆட்டத்திலும் இல்லை. அன்று மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது. பிளைலர் வெர்னிடம் தாளைக் கொடுக்கும்போது, "வேர்வை பத்தி இதுல ஒண்ணும் போடல" என்றார். வெர்ன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. தானியக் கிடங்கு அணியின் ஆட்டம். கார்வில்லில் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுக்கும் கடையின் பெயர்தான் அணியின் பெயர். தானியக் கிடங்குக்காரர்கள் பச்சைச் சட்டை. அந்தப் பச்சையில் ஒரே பெண் டெஸ் காவ்லிக். பன்னிரண்டு வயது. தொப்பியின் பின் ஓட்டை வழியே பின்னலை இழுத்து விட்டிருப்பாள். ஓடுகிறவர்கள் தொட்டுப் போக வேண்டிய மூலைகளில் மூன்றாவது அவள் காவல்; அங்கே அவளைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம்.

மட்டை அவள் கையில். இரண்டு ஸ்ட்ரைக் ஏற்கெனவே ஆகிவிட்டது; மூன்றானால் அவுட். பந்து முழங்கால் உயரத்தில் வந்தது. கொஞ்சம் கீழே என்றும் சொல்லலாம்; கீழே என்றால் ஸ்ட்ரைக் ஆகாது. டெஸ் மட்டையைச் சுற்றவில்லை. வெர்ன் கையை உயர்த்தி மூன்றாவது ஸ்ட்ரைக் என்றார். சொன்ன கணமே அவருக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அம்பயர் சொன்னது சொன்னதுதான்.

டெஸ் நின்றாள். தன் அணிப் பெஞ்சை நோக்கி நாலடி நடந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பிவேலியைப் பார்த்து வீசினாள். வேலி அதிர்ந்து ஒலித்தது. ஹெல்மெட் உருண்டு வந்து வெர்னின் காலணியில் இடித்து நின்றது.

வெர்ன் ஆட்டத்தை நிறுத்தினார். பிரஷ்ஷை எடுத்தார். அவளைப் பக்கத்தில் வரச் சொல்லிக் குனிந்தார்.

"கை நழுவிடுச்சா?"

"இல்ல, மிஸ்டர் டெட்மர்."

பிரஷ் நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னிக்கு வெயில் வேற. வேர்த்திருக்கும்."

"வேர்க்கல. நான்தான் எறிஞ்சேன்."

"டெஸ்."

"எறிஞ்சேன்னு சொல்றேன்ல."

முகத்தில் அழுகை இல்லை, திமிரும் இல்லை. கடையில் ஆணி அளவு சொல்வது போலச் சொன்னாள். தூசு ஒன்றும் மிச்சமில்லாத தட்டை வெர்ன் இன்னொரு முறை துடைத்தார். பிறகு எழுந்து நின்றார். பெரியவர்களை வெளியேற்றும்போது கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவார். அதை ஒரு குழந்தைக்குக் காட்டக் கை வரவில்லை. "நீ போகணும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். ஹென்றி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

டெஸ்ஸின் அம்மா ரான்டா முதியோர் இல்லத்துச் சமையலறையில் மாலை ஷிஃப்டில் இருந்தாள். குழந்தையைத் தனியே அனுப்பக் கூடாது. ஆட்டம் தெரியும் இடத்திலும் வைக்கக் கூடாது. நோரீன் வந்து தோளில் கை போட்டு அவளைக் கொட்டகைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்ன் அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்குக் கேசரோலைக் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடு. அது ஒண்ணும் பண்ணல உன்னை" என்றாள் நோரீன்.

"இருபத்தாறு வருஷம்."

"தெரியும். நானும்தான் அங்க இருந்தேன்."

"நழுவிடுச்சுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவளுக்கு என்ன வலி?"

"நான் கேட்டேன். வெங்காயம் நறுக்கக் குடுத்துட்டுக் கேட்டேன்." நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "பந்து கீழதான் வந்துச்சாம். நீ தப்பாச் சொன்னியாம். கை நழுவிடுச்சுன்னா கோபம் வரலன்னு அர்த்தமாம். கோபம் வரலன்னா நீ சொன்னது சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். அதனால சொல்லலையாம்."

வெர்ன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"பந்து கீழயா வந்துச்சு?" என்று நோரீன் கேட்டாள்.

"முழங்கால்ல."

"நான் முழங்காலைக் கேட்கல."

வெர்ன் எழுந்துபோய் மேசை இழுப்பறையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்தார். அம்பயர் அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த ஆட்டத் தடை. காரணம் என்ற இடத்தில் வெகு நிதானமாக எழுதினார்: ஹெல்மெட்டை எறிந்தாள். தானே சொன்னாள். மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் பிளைலர் வீட்டு வாசல் கதவுக்கடியில் அதைச் செருகினார்.

அதுவரை எதுவும் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. தானியக் கிடங்கு அணிக்கு இரண்டு ஆட்டம் பாக்கி. வியாழக்கிழமை பல் டாக்டர் அணியோடு ஒரு ஆட்டம். அதில் தோற்றாலும் ஜெயித்தாலும் ஒன்றுதான். சனிக்கிழமை இறுதி ஆட்டம், வங்கி அணியோடு. டெஸ் வியாழக்கிழமை வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சனிக்கிழமை ஆடலாம். அவளுக்கு அந்தச் சனிக்கிழமை முக்கியம். பதின்மூன்று ஆகிவிட்டால் பெரிய மைதானம். அந்த அணியில் கார்வில் பெண்களை யாரும் சேர்த்ததில்லை; அவர்கள் சாஃப்ட்பாலுக்குப் போய்விடுவார்கள். டெஸ்ஸுக்கு இந்த ஆட்டத்தில் அதுதான் கடைசி நாள்.

புதன்கிழமை பொழுது விடியும்போதே மழை.

பத்து மணிக்குத் தானியக் கிடங்கு அணியின் பயிற்சியாளர் கர்ட் ஹாலிஸ்டர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டக் கடைக்குள் வந்தான். காப்பீடு விற்பவன். யாரைப் பார்த்தாலும் கெட்ட செய்தியோடுதான் ஆரம்பிப்பான்.

"வெர்ன், பிளைலர்கிட்ட பேசினேன். நாளைக்கு ஆட்டம் மழைல போச்சுன்னா அதை விட்டுடுவாங்களாம். வேற நாள் கிடையாதாம்."

"சரி. டெஸ்ஸுக்கு ஒரு ஆட்டம் மிச்சம்."

"அதான் இல்ல. அவ அடுத்து ஆடுற ஆட்டத்துல இல்லன்னுதானே விதி. மழைல போனது ஆடின ஆட்டம் இல்லையாம். தடை அப்படியே சனிக்கிழமைக்குத் தள்ளிடுமாம்."

வெர்ன் கையில் இருந்த திருகாணிப் பெட்டியை மூடினார்.

"அந்த அறிக்கையைத் திருப்பி வாங்கிடுங்க" என்றான் கர்ட். "நழுவிடுச்சுன்னு எழுதிக் குடுங்க. உங்களை யாரு கேட்கப்போறா?"

"அவ கேட்பா."

"எவ?"

"டெஸ். எறிஞ்சேன்னு அவ வாயால சொன்னா. நான் போய் இல்லன்னு எழுதினா அவளைப் பொய் சொன்னவன்னு எழுதின மாதிரி."

கர்ட் கவுன்டரில் சாய்ந்துகொண்டான். "அப்ப வியாழக்கிழமை ஆட்டம் நடந்தாகணும்."

"நடந்தாகணும்."

"மைதானத்தைப் பாத்தீங்களா? வாத்து நீந்துது அங்க. பேச்சுக்குச் சொல்லல. நிஜமாவே ரெண்டு வாத்து."

வியாழக்கிழமை காலை மழை நின்றது. மைதானம் ஆடத் தகுந்ததா என்று ஐந்து மணிக்குச் சொல்ல வேண்டியவர் அம்பயர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெர்ன் ரப்பர் பூட்ஸோடு போய்ப் பார்த்தார். இரண்டாம் மூலையில் பூட்ஸ் மட்டும் நின்றது. கால் வெளியே வந்துவிட்டது. கடைக்குத் திரும்பி, ஈரம் உறிஞ்சும் களிமண் தூள் கையிருப்பு முழுவதையும் வண்டியில் ஏற்றினார். "ரிப்பேர்தானே?" என்றார் முதலாளி. "ரிப்பேர்தான்" என்றார் வெர்ன்.

இரண்டு மணிக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஹென்றி தீயணைப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் வாளியும் ஸ்பாஞ்சுமாக வந்தார்கள். யாரோ இலை ஊதும் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரு குட்டையை இன்னொரு குட்டைக்குள் ஊதினார்கள். நோரீன் கொட்டகையின் பழைய துண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். வங்கி அணிப் பையன்கள்கூட மூன்று பேர் வந்திருந்தார்கள். சனிக்கிழமை டெஸ் ஆடாவிட்டால் லாபம் அவர்களுக்குத்தான். "அவ இல்லாம ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியா?" என்றான் ஒருவன், துண்டைப் பிழிந்துகொண்டே.

களிமண் தூள் போதவில்லை. கர்ட் பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடிப் பூனை மலம் கழிக்கும் மணலைப் பத்து மூட்டை வாங்கிவந்தான். அதுவும் ஈரம் உறிஞ்சும். கார்வில்லில் எல்லோரும் செய்வதுதான். மூட்டையைப் பிரித்து இரண்டாம் மூலையில் கொட்டி, கர்ட் பெருமையாக மண்வாரியால் பரப்பினான். ஐந்தே நிமிஷத்தில் அந்த இடம் முழுக்க உருண்டை உருண்டையாகத் திரண்டது. மேலே லாவண்டர் வாசனை.

வெர்ன் ஒரு உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "கர்ட், நீ கட்டி பிடிக்கிற வகையை வாங்கியிருக்க."

"எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

"உன் வீட்டுல பூனை இருக்கா?"

"நாய்."

"தெரியுது."

ஹென்றி மண்வாரியில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். "கொஞ்சம் கிரேவி ஊத்தினா இன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சுது." எல்லோரும் குனிந்து உருண்டைகளைப் பொறுக்கி வாளியில் போட்டார்கள். அதுவே ஒரு மணி நேரம் பிடித்தது. பாதிதான் போயிற்று.

டெஸ் வரவில்லை, வரக்கூடாது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் கடை வாசலில், அம்மாவின் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பிளைலர் வேலியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார். "மைதானம் வேலியோட முடியுது" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு ஒரு வாளியை எடுத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு வெர்ன் இரண்டாம் மூலையில் மறுபடியும் நின்றார். பூட்ஸ் காலோடு வந்தது. ஓடுகிற பிள்ளைகள் கால் மடங்கி விழுவார்களா என்று அங்குலம் அங்குலமாக மிதித்துப் பார்த்தார். சந்தேகமாக இருந்த இரண்டு இடங்களில் இன்னும் தூள் போடச் சொன்னார். பிறகு, "ஆடலாம்" என்றார். மேற்கே மேகம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது.

பல் டாக்டர் அணிக்கு அன்று சரியாக ஒன்பது பேர். ஒருவன் குறைந்தாலும் ஆட்டம் இல்லை. அவர்களில் ஒருவனுக்கு ஏழு மணிக்குப் பியானோ வகுப்பு. அவர்களுடைய பயிற்சியாளர், டாக்டரின் மனைவி மார்சி, அவன் அம்மாவிடம் மெதுவாகப் பேசினாள். அம்மா போனை எடுத்துப் பியானோ டீச்சருக்கு ஏதோ ஒரு காரணம் சொன்னாள். என்ன காரணம் என்று மார்சி கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறு இன்னிங்ஸ் ஆட்டம். நான்கு முழுசாக முடிந்தால் நடந்த ஆட்டம். மூன்றில் மழை கொட்டினால் நடக்காத ஆட்டம். இரண்டு பக்கமும் மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ். பெஞ்சில் இருந்தவர்கள் ரன்னை எண்ணவில்லை, அவுட்டைத்தான் எண்ணினார்கள். எந்தப் பக்கம் அவுட் ஆனாலும் கைதட்டல். முதல் இன்னிங்ஸில் அவுட்டாகித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன பல் டாக்டர் அணிப் பையன் ஒருவன், கூட்டம் முழுக்க எழுந்து கைதட்டுவதைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நின்றான். இரண்டாம் மூலைக்கு உருண்ட பந்துகள் லாவண்டர் உருண்டைகளுக்குள் சொருகிக்கொண்டன. பச்சைச் சட்டைக்காரர்கள் அங்கே மூன்று பந்தைத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

நான்காவது இன்னிங்ஸின் பின்பாதி. தானியக் கிடங்கு அணி மட்டை பிடிக்க வேண்டும். மூன்று அவுட் பாக்கி. மேகம் தானியக் கிடங்குக் கோபுரத்துக்கு மேலேயே வந்துவிட்டது.

முதல் பையன் வந்தான். தலைக்கு மேலே போன பந்துக்கு மட்டையைச் சுற்றினான். தரையில் உருண்டு வந்த பந்துக்கும் சுற்றினான். பின்னால் போன மூன்றாவது பந்துக்கும் சுற்றிவிட்டு, சந்தோஷமாக அவுட்டாகிப் போனான். இரண்டாவது பையன் வந்து, பந்து வீசப்படுவதற்கு முன்பே சுற்றிப் பழகிப் பார்த்தான்.

வெர்ன் ஆட்டத்தை நிறுத்தினார். பிரஷ்ஷோடு குனிந்தார். கர்ட்டையும் கூப்பிட்டார்.

"கர்ட், வேணும்னே அவுட் ஆகச் சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவனுங்களே."

"கேட்டுக்கோ. ஒரு அணி வேணும்னே ஆட்டத்தை முடிக்கப் பாத்தா நான் அடுத்த அணிக்கு ஆட்டத்தைத் தூக்கிக் குடுக்கணும். அப்படிக் குடுத்தா அது ஆடின ஆட்டமே இல்ல. விதி."

கர்ட் முகம் வெளுத்தது. "சனிக்கிழமைக்குப் போயிடுமா?"

"போயிடும்." வெர்ன் பையனைப் பார்த்தார். "நிஜமா ஆடு. உன்னால முடிஞ்ச அளவுக்கு அடி. புரிஞ்சுதா?"

"அடிச்சா ஆட்டம் நீளுமே, மிஸ்டர் டெட்மர்."

"நீளட்டும். நீ ஆடு."

பையன் நிஜமாகவே ஆடினான். தரையோடு ஒரு அடி. பல் டாக்டர் அணியின் பந்து வீசும் பையனே பாய்ந்து எடுத்து, அவன் ஓடிச் சேர்வதற்குள் முதல் மூலைக்கு எறிந்தான். இரண்டு அவுட்.

மூன்றாவதாக ஓவன் வந்தான். டெஸ்ஸின் உயிர்த் தோழன். அவனும் நிஜமாகத்தான் ஆடினான். இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று; சரியான இடத்தில் வராத பந்து, அதாவது 'பால்', மூன்று. நாலாவது பால் ஆனால் அவுட் இல்லாமல் முதல் மூலைக்கு நடக்கலாம். அடுத்தது ஸ்ட்ரைக் என்றால் ஆட்டம் நடந்தது. முதல் துளி வெர்னின் கை மேல் விழுந்தது. நோரீன் கொட்டகை ஜன்னலில் கரண்டியோடு நின்றாள்.

பந்து வந்தது. முழங்காலுக்கு ஒரு பந்து அகலம் கீழே. ஓவன் சுற்றவில்லை.

வெர்னின் வலது கை உயரத் துடித்தது. கையைத் தூக்கினால் போதும். அந்த ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆனால் பந்து வந்த இடத்தை அவர் கண் விட்டு நகரவில்லை. செவ்வாய்க்கிழமைப் பந்தும் இதே இடத்தில்தான் வந்தது. அன்று அவர் பார்த்தும் பார்க்காமல் விட்ட இடம் இது. இரண்டு நாளாக முழங்கால், முழங்கால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பால்" என்றார்.

பெஞ்சுகளிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. "வெர்ன்," என்றார் ஹென்றி, திட்டுவதற்கும் கும்பிடுவதற்கும் நடுவில் இருந்த குரலில். ஓவன் மெதுவாக முதல் மூலைக்கு நடந்தான், மன்னிப்புக் கேட்கிறவன் போல. நோரீன் மட்டும் ஜன்னலில் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு ஹாட் டாக்குகளைத் திருப்பப் போனாள்.

துளிகள் நெருங்கின. நான்காவது பையன் முதல் பந்தையே ஓங்கி அடித்தான். பந்து நேராக மேலே போயிற்று. தானியக் கோபுர உயரம் போயிற்று என்று ஹென்றி பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் அணியில் மூன்று பேர் அதற்குக் கீழே ஓடிவந்து, ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். விழுந்த குவியலுக்குள்ளிருந்து ஒரு கையுறை மேலே வந்தது. உள்ளே பந்து இருந்தது.

"அவுட்" என்றார் வெர்ன். பிறகு, யாரும் கேட்காமலே, "நான்கு இன்னிங்ஸ் முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொன்னார்.

மழை கொட்டியது. யாரும் ஓடவில்லை. கர்ட் மார்சியைக் கட்டிப்பிடித்தான். பிளைலர் நனைந்த தாளில் கையெழுத்துப் போட்டு வெர்னிடம் நீட்டினார். "ஆடின ஆட்டம்" என்றார். "தடை தீர்ந்துது." பல் டாக்டர் அணிப் பிள்ளைகள் சேற்றில் வட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். டெஸ்ஸுக்காக இவ்வளவு சந்தோஷமா என்று ஹென்றிக்குக் கண் கலங்கிவிட்டது.

வெர்ன் முகத்தில் மாட்டியிருந்த கம்பிக்கூண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தார். ஐஸ்கிரீம் கடையின் தகரக் கூரைக்கடியில் ரான்டாவின் கார். சமையல் ஏப்ரனோடு ரான்டா ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். அன்று தாமதமாக வருவதாகச் சொல்லிவைத்த ஷிஃப்டுக்கு இன்னும் அரை மணிதான். ஜன்னலை இறக்கினாள். பக்கத்தில் டெஸ், மடியில் உருகிப்போன ஐஸ்கிரீம் கோப்பை.

"நாலு இன்னிங்ஸ் ஆச்சு" என்றார் வெர்ன். "சனிக்கிழமை நீ ஆடலாம்."

ரான்டா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். டெஸ் அவரையே பார்த்தாள். மழை வெர்னின் கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு. செவ்வாய்க்கிழமை அந்தப் பந்து. கீழதான் வந்துச்சு."

"தெரியும்" என்றாள் டெஸ்.

"ஹெல்மெட்டை எறிஞ்சது எறிஞ்சதுதான்."

"அதுவும் தெரியும்." கோப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். "யாரு ஜெயிச்சா?"

வெர்ன் சட்டைப் பையிலிருந்த ஸ்கோர் தாளை எடுத்து மழைக்கு மறைத்துப் பிரித்தார். மை பரவியிருந்தது. ஒரு முறை கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.

"பல் டாக்டர். அஞ்சுக்கு நாலு."

"பல் டாக்டர் டீம்கிட்டயா?"

"இந்த சீசன்ல அவங்களுக்கு இதுதான் முதல் ஜெயம் போல."

"பல் டாக்டர் டீம்கிட்டயா தோத்தானுங்க? ஒரு நாள் நான் இல்லன்னா?"

"நாள் பூரா ஊரே உனக்காகச் சேத்துல நின்னிருக்கு" என்றாள் ரான்டா. "முதல்ல நன்றி சொல்லுடி."

"நன்றி, மிஸ்டர் டெட்மர்." சொல்லும்போதே கதவைத் திறந்து ஒரு காலை மழையில் வைத்தாள். "மைதானத்துக்குள்ள இப்ப நான் வரலாமா? ஆட்டம் முடிஞ்சிடுச்சுல்ல?"

வெர்ன் யோசித்தார். 'அன்று' என்றால் ஆட்டம் முடிந்த பிறகும் அன்றுதானா என்று அச்சடித்த தாளில் ஒன்றும் இல்லை.

"வரலாம்."

"ஓவன்கிட்ட ஒண்ணு கேட்கணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் கடந்து ஓடினாள்.